மாதாமாதம் மருந்து அடித்தும் கரப்பான் ஏன் திரும்பி வருகிறது?

"கரப்பானுக்கு எந்த மருந்து நல்லது, குழந்தைக்கு ஆபத்தில்லாத இயற்கை மருந்து ஏதாவது இருக்கிறதா" என்று உங்கள் கேள்வி முடிகிறது. அதற்கு முன்னால் எழுதியிருக்கும் நான்கைந்து வரிகளில்தான் விஷயமே இருக்கிறது. அடுக்குமாடிக் குடியிருப்பு, இரண்டாவது மாடி. மாதாமாதம் ஆள் வந்து மருந்து அடிக்கிறார். பத்துப் பதினைந்து நாள் நிம்மதி, அப்புறம் பழையபடி. இரவில் விளக்கைப் போட்டால் அடுப்பு மேடையில் சின்னச் சின்னதாக ஓடுகின்றன. மிக்ஸியைத் தூக்கினால் அடியிலிருந்து நாலு விழுகின்றன. எப்போதாவது குளியலறையில் பெரியதாக ஒன்று. போதாததற்கு எறும்பு, அரிசியில் வண்டு. தவழும் குழந்தை வேறு. கொன்ற பூச்சி எப்படித் திரும்ப வருகிறது என்பதுதான் நீங்கள் உண்மையில் கேட்பது. அதற்குத்தான் பதில் சொல்லப்போகிறேன். மருந்தின் பெயரும் வரும், கொஞ்சம் கழித்து.

கோவையில் வேளாண் பூச்சியியல் படித்துவிட்டு, வயலுக்குப் போகாமல் அடுப்படிக்கு வந்தவன் நான். 19 வருடமாகச் சென்னையில் ஹோட்டல் சமையலறை, மருத்துவமனை கேன்டீன், வீடுகள் என்று இதே வேலை. உங்கள் வீட்டை நான் பார்க்கவில்லை. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் பூச்சி எது என்பது ஏறக்குறைய உறுதி. அது எந்த இடுக்கில் குடியிருக்கிறது என்பதை இங்கே உட்கார்ந்து சொல்ல முடியாது, நீங்கள்தான் தேட வேண்டும். எப்படித் தேடுவது என்று சொல்கிறேன்.

உங்கள் வீட்டில் இருப்பது இரண்டு வகைப் பூச்சி. சின்னது வளர்ந்து பெரியதாகிறது என்றுதான் பெரும்பாலானவர்கள் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. குளியலறையில் வருகிறதே, செம்பழுப்பு நிறத்தில் ஒன்றரை அங்குலம், சமயத்தில் முகத்துக்கு நேரே பறந்தும் வந்து அலற வைப்பது, அது அமெரிக்கக் கரப்பான். சாக்கடையும், கழிவுநீர்க் குழாய்கள் சேரும் சேம்பர் தொட்டியும்தான் அதன் சொந்த வீடு. அடுப்படியில் ஓடுகிற சின்னது ஜெர்மன் கரப்பான், தனி இனம். முழுதாக வளர்ந்தாலும் அரை அங்குலம்தான் இருக்கும். வெளிர் பழுப்பு. தலைக்குப் பின்னால் கழுத்துப் பட்டையில் தண்டவாளம் போல இரண்டு கறுப்புக் கோடு ஓடும். இறக்கை உண்டு, பறக்காது. ஒன்றைப் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள், கோடு இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

பெயரில்தான் ஜெர்மன். 1767-இல் ஸ்வீடன் நாட்டு இயற்கை அறிஞர் லின்னேயஸ் வைத்த பெயர் அப்படியே நின்றுவிட்டது. 17 நாடுகளில் பிடித்த கரப்பான்களின் மரபணுவை ஒப்பிட்டு 2024-இல் வெளியான ஆய்வு, இது சுமார் 2100 ஆண்டுகளுக்கு முன்பு இந்தியாவிலோ மியான்மரிலோ ஆசியக் கரப்பானிலிருந்து பிரிந்து வந்தது என்கிறது. சங்க காலத்திலிருந்தே நம்மோடு சாப்பிடுகிற ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதைக் காட்டிலோ வயலிலோ தேடினால் கிடைக்காது. மனிதன் கட்டிய கட்டடம் இல்லாமல் இதற்குப் பிழைப்பே கிடையாது.

இந்த வித்தியாசத்தை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், இரண்டும் வீட்டுக்குள் வரும் வாசல் வேறு வேறு. பெரியது குழாய் வழியாக, தண்ணீர் போகும் ஓட்டையின் சல்லடை மூடியான ஜாலி வழியாகத் தானாக ஏறி வருகிறது. சின்னதை அநேகமாக நாம்தான் கையில் தூக்கிக்கொண்டு வருகிறோம். மளிகை வந்த அட்டைப்பெட்டியின் மடிப்பில், முட்டை அட்டையில், பழையதாக வாங்கிய ஃபிரிட்ஜின் மோட்டார் பக்கத்தில், வீடு மாற்றியபோது வந்த பெட்டிகளில். முட்டைக்கூட்டோடு ஒரே ஒரு பெண் வந்தால் போதும். அடுக்குமாடியில் இன்னொரு வழியும் உண்டு. சிங்க் குழாய் சுவரைத் துளைத்துப் போகும் ஓட்டை வழியாகப் பக்கத்து வீட்டுக் கூட்டம் இடம் போதாமல் உங்கள் பக்கம் வந்துவிடும். சின்னதுக்காகச் சாக்கடை ஜாலியை அடைத்துக்கொண்டிருப்பவர்களை எத்தனையோ வீட்டில் பார்த்திருக்கிறேன். வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைப்புறத்தைத் திறந்து வைத்த கதைதான்.

இப்போது அந்தப் பத்துப் பதினைந்து நாள் நிம்மதிக்கு வருவோம். ஜெர்மன் கரப்பானின் பெண், முட்டைக்கூட்டைப் பின்புறத்தில் சுமந்துகொண்டே திரியும். ஒரு கூட்டில் 30 முதல் 40 முட்டை. பொரிக்கப் போகும் நேரத்தில்தான் கூட்டை உதிர்க்கும். வீட்டில் வரும் மற்ற கரப்பான்கள் பெரும்பாலும் முட்டைக்கூட்டை எங்காவது ஒட்டிவிட்டுப் போய்விடும், இது பிள்ளையைக் கடைசிவரை தூக்கித் திரிகிறது. கூட்டுக்குள் இருக்கும் முட்டைக்குத் தெளிப்பு மருந்து எளிதில் எட்டாது. அம்மா செத்தாலும், பொரிக்கும் தறுவாயில் இருந்த முட்டை பொரித்துவிடக் கூடும். நம் ஊர் வெப்பத்தில் அந்தக் குஞ்சு இரண்டு மூன்று மாதத்தில் தானே முட்டையிடத் தயாராகிவிடும். முதல் பருவக் குஞ்சு ஒளிந்துகொள்ள ஒரு நாணயத்தின் தடிமன் அளவு இடுக்கு போதும். தெளிப்பான் குழாயின் மூக்கே அதற்குள் நுழையாது.

இன்னொன்று, மாதாமாதம் வருபவர் அடிப்பது பெரும்பாலும் சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் போன்ற பைரித்ராய்டு வகையாகத்தான் இருக்கும். அது பட்ட கரப்பானைக் கொல்லும். படாததை எரிச்சலூட்டி விரட்டும். அடித்த அன்று சுவரெல்லாம் ஓடி நாலைந்து மல்லாக்க விழுவதைப் பார்த்தால் "நல்லா வேலை செய்யுது" என்று தோன்றும். ஓடியவற்றில் கணிசமானவை ஹாலுக்கும் படுக்கையறைக்கும் குடிபெயர்ந்திருக்கும். இதே வகையை வருடக்கணக்கில் அடித்தால் தாங்கிப் பிழைத்தவற்றின் பரம்பரைதான் மிஞ்சும். ஜெர்மன் கரப்பான் இதில் பேர்போனது. அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தார் 2019-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு மருந்துக்குப் பழகிய கூட்டம், தொட்டே பார்க்காத வேறு வகை மருந்துக்கும் ஒரே தலைமுறையில் தாக்குப்பிடிக்க ஆரம்பித்தது. ஆகவே "இன்னும் ஸ்ட்ராங்கா அடிங்க" என்று சொல்வதில் பலன் இல்லை. குழந்தை தவழும் தரையில் மருந்து கூடும், அவ்வளவுதான்.

சின்னதுக்கு நான் கையில் எடுப்பது ஜெல். ஊசிக்குழலில் வரும் பழுப்பான பசை. ஃபிப்ரோனில் 0.05 சதவீதம், இமிடாக்ளோபிரிட் 2.15 சதவீதம், இந்த இரண்டும் நம் நாட்டில் எளிதாகக் கிடைக்கும். வேலை செய்யும் விதம் அருவருப்பானது, ஆனால் அதில்தான் அதன் பலம். சாப்பிட்ட கரப்பான் உடனே சாகாமல் இடுக்குக்குத் திரும்பிப் போய்ச் சாகும். வெளியே வராத குஞ்சுகள் அதன் எச்சத்தையும் பிணத்தையும் தின்று சாகும். தெளிப்பான் நுழையாத இடத்துக்கு மருந்தைக் கரப்பானே சுமந்துபோகிறது. ஆனால் ஜெல் வைத்த இடத்தில் ஸ்ப்ரே அடித்தாலோ, ஃபினாயில் போட்டுத் துடைத்தாலோ அது கிட்டேயே வராது. நான் பார்த்த ஜெல் தோல்விகளில் பாதிக்கு மேல் இதுதான் காரணம். ஜெல் வைத்த வாரத்திலேயே மாத ஸ்ப்ரேக்காரரும் வந்து அடித்துவிட்டுப் போயிருப்பார். எனவே அவரை இரண்டு மாதத்துக்கு நிறுத்தி வையுங்கள்.

வைக்கும் முறை முக்கியம். பச்சைப்பயறில் பாதி அளவுக்குச் சின்னப் புள்ளிகள். ஒரு சமையலறைக்கு முப்பது நாற்பது புள்ளி. பெரிய உருண்டையாக நாலு இடத்தில் வைப்பதைவிடச் சின்னதாகப் பல இடத்தில் வைப்பது பலமடங்கு மேல். அலமாரிக் கதவின் கீல், இழுப்பறை ஓடும் தடத்தின் பின்பக்கம், சிங்க்குக்கு அடியில் குழாய் சுவரில் நுழையும் மூலை, ஃபிரிட்ஜ் கதவு ரப்பருக்கு அருகே, மோட்டார் பக்கம், ஸ்விட்ச் பெட்டியின் வெளிவிளிம்பு. அடுப்புக்கு ஒட்டி வேண்டாம், சூட்டில் காய்ந்து கல்லாகிவிடும். மூன்றாம் நாள் பாருங்கள். தின்று தீர்த்த இடத்தில் மறுபடி வையுங்கள். தொடாத இடத்தை விட்டுவிடுங்கள், அங்கே கூட்டம் இல்லை. மூன்று நான்கு வாரத்தில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். எங்குமே தின்னவில்லை என்றால் ஜெல்லை மாற்றுங்கள். 1990-களின் தொடக்கத்தில் ஃப்ளோரிடாவில் ஒரு கூட்டம் இப்படித்தான் இரை மருந்தைத் தொட மறுத்தது. அதில் கலந்திருந்த குளுக்கோஸைக் கண்டாலே ஒதுங்கியது. அந்தக் கரப்பான்களின் நாக்குக்குக் குளுக்கோஸ் கசப்பாகத் தெரிகிறது என்று 2013-இல் நிரூபித்தார்கள். நாம் வைத்த சர்க்கரையே அவற்றை மாற்றிவிட்டது. மருந்து மட்டுமில்லாமல் இரையின் ருசியும் மாற வேண்டும் என்பதால், வேறு கம்பெனி ஜெல்லாக வாங்குங்கள்.

குழந்தை விஷயத்தில் ஜெல்லின் சாதகம், அது காற்றில் பரவாது, தரையில் படியாது, கீலுக்குள் வைத்தால் சின்னக் கைக்கு எட்டாது. அதற்காக விஷமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். இடுப்பு உயரத்துக்குக் கீழே வெளிப்படையாக எங்கும் வைக்காதீர்கள். ஊசிக்குழலைப் பரணில் ஏற்றுங்கள். குழந்தை வாயில் வைத்துவிட்டது என்று சந்தேகம் வந்தால் ஜெல்லின் அட்டைப்பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு நேராக மருத்துவமனைக்குப் போங்கள். அதற்கு மேல் சொல்ல நான் மருத்துவன் இல்லை. குழந்தைக்கு இளைப்பு இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் குழந்தை மருத்துவரிடம் கரப்பான் தொல்லையையும் சொல்லுங்கள். கரப்பானின் எச்சமும் உரித்த தோலும் ஆஸ்துமாவைத் தூண்டும் என்பது பல வருடமாக நிறுவப்பட்ட உண்மை. செத்த பிறகும் அந்தத் தூசு இருக்கும். கூட்டம் ஒழிந்ததும் இடுக்குகளை ஈரத்துணியால் துடைத்து எடுக்க வேண்டும். துடைப்பத்தால் கூட்டினால் காற்றில்தான் பறக்கும்.

தேடுவதற்கு ஒரு டார்ச் போதும். வீடு அடங்கி ஒரு மணி நேரம் கழித்து, விளக்கைப் போடாமல் டார்ச்சோடு போங்கள். கரப்பானைவிட அதன் தடயத்தைப் பாருங்கள். மிளகுத்தூள் சிந்தியது போலக் கறும்புள்ளிகள், உரித்த தோல், லேசான முடை நாற்றம். புள்ளி எங்கே அடர்த்தியோ அங்கேதான் கூட்டம். கோடம்பாக்கத்தில் ஒரு வீட்டில் நான்கு மாதம் நான் தோற்றிருக்கிறேன். அலமாரி, சிங்க், ஃபிரிட்ஜ் எல்லாம் சுத்தம், ஆனாலும் தினம் ஏழெட்டு. கடைசியில் அந்த வீட்டுப் பாட்டிதான், "தம்பி, அந்தக் குடிதண்ணி மிஷினைத் தட்டினா வருது பாரு" என்றார். தண்ணீர் சுத்திகரிக்கும் பெட்டியின் பின்மூடியைக் கழற்றினால் இளஞ்சூடு, ஈரம், இருட்டு, நூற்றுக்கணக்கில் கூட்டம். நான் அதைத் திறந்தே பார்க்கவில்லை, முழுக்க என் தவறு. அன்றிலிருந்து மிக்ஸி, சுத்திகரிப்பான், ஃபிரிட்ஜ் மோட்டார், மைக்ரோவேவ், சுவர்க் கடிகாரம், வைஃபை பெட்டி என்று சூடாகும் பொருட்களைத்தான் முதலில் பார்க்கிறேன். உங்கள் மிக்ஸியிலிருந்து நாலு விழுந்ததே, அந்த அடித்தட்டுக்குள் இன்னும் நிறைய இருக்கும். மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டு, பெரிய பாலித்தீன் பைக்குள் வைத்து அடித்தட்டைத் திறந்து பாருங்கள். கைப்பழக்கம் இல்லை என்றால் மெக்கானிக்கிடம் கொடுங்கள், பையோடு.

தண்ணீரை நிறுத்துவது சாப்பாட்டை ஒளிப்பதைவிடப் பெரிய அடி. தண்ணீர் மட்டும் கிடைத்தால் பெண் கரப்பான் பட்டினியாக ஒரு மாதம்கூட ஓட்டிவிடும். காய்ந்த சாப்பாடு மட்டும் கிடைத்துத் தண்ணீர் இல்லை என்றால் இரண்டு வாரத்தைத் தாண்டுவதே கஷ்டம். எனவே படுக்கப்போகும் முன் சிங்க்கைத் துணியால் துடைத்துவிடுங்கள். சொட்டும் குழாய்க்கு வாஷர் மாற்றுங்கள். ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தண்ணீர்த் தட்டை வாரம் ஒருமுறை கொட்டுங்கள், டெங்கு கொசுவுக்கும் அதுதான் தொட்டில். ஈரப் பிடித்துணியும் பாத்திரம் தேய்க்கும் நாரும் இரவில் மேடையில் கிடக்க வேண்டாம். எச்சில் பாத்திரம் காலைவரை இருந்தே ஆக வேண்டும் என்றால் சோப்புத் தண்ணீரில் மூழ்க வையுங்கள். குப்பைக்கூடையை இரவே வெளியேற்றுங்கள். அட்டைப்பெட்டிகளை வாசலிலேயே பிரித்து அங்கேயே போட்டுவிடுங்கள். "அப்புறம் உதவும்" என்று பரணில் ஏற்றுகிற அட்டைப்பெட்டி கரப்பானுக்குத்தான் உதவும். குழாய் சுவரில் நுழையும் ஓட்டைகளை ஒயிட் சிமெண்ட் வைத்தும், மேடைக்கும் சுவர் டைல்ஸுக்கும் நடுவே இருக்கும் கோட்டைச் சிலிக்கான் வைத்தும் அடையுங்கள். அடைப்பதை ஜெல் வைத்து மூன்று நான்கு வாரம் கழித்துச் செய்வது உத்தமம். முதலிலேயே அடைத்தால் கூட்டம் உள்ளேயே மாட்டிக்கொண்டு வேறு வழி தேடும். ஜெல் வைத்த இடத்துக்கும் அது வராது.

குளியலறைப் பெரியவருக்கு ஜெல்கூட அவ்வளவாகத் தேவையில்லை. தரை நீர்ப்போக்கியின் அடியில் பிளம்பர்கள் நகானி ட்ராப் என்று சொல்லும் கிண்ணம் இருக்கும். அதில் எப்போதும் இரண்டு அங்குலம் தண்ணீர் நிற்க வேண்டும், அந்தத் தண்ணீர்தான் சாக்கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் இருக்கும் கதவு. புழங்காத குளியலறையில் அது வற்றிவிடும். ஊருக்குப் போய்விட்டு வந்தால் செத்த கரப்பான் கிடப்பது இதனால்தான். வாரம் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினால் போதும். சுத்தம் செய்ய மூடியைக் கழற்றியவர் திரும்பப் பொருத்தாமல் விடுவதும் உண்டு. கையை விட்டுப் பாருங்கள். ஓட்டை ஜாலி உடைந்திருந்தால் மாற்றுங்கள். வாஷிங் மெஷின் குழாயைச் சும்மா ஓட்டைக்குள் செருகியிருந்தால் சுற்றியுள்ள இடைவெளியை ரப்பர் மூடி போட்டு அடையுங்கள். கீழே சேம்பர் மூடி விரிசலாக இருந்தால் அது உங்கள் வீட்டு வேலை இல்லை, குடியிருப்போர் சங்கத்தில் பேசுங்கள்.

இயற்கை மருந்து கேட்டீர்கள். பிரியாணி இலை, கிராம்பு, கற்பூரம், வெள்ளரித் தோல் எல்லாம் சமூக ஊடகத்தில் சுற்றுகின்றன. சில வாசனை எண்ணெய்களிலிருந்து மூடிய டப்பாவுக்குள் கரப்பான் விலகி ஓடும் என்பது சரிதான். காற்றோட்டமுள்ள அடுப்படியில் அந்த வாசனை இரண்டு நாள் நிற்காது. விலகினாலும் அடுத்த அலமாரிக்குத்தான் போகும். நான் வேலைக்குப் போன வீடுகளில் அலமாரி நிறையப் பிரியாணி இலையையும் அதன் மேலேயே கரப்பான் எச்சத்தையும் சேர்த்துப் பார்த்திருக்கிறேன். சோப்புத் தண்ணீரை நேராக மேலே தெளித்தால் கரப்பான் சாகும், அதன் மூச்சுத்துளைகள் அடைபடும். ஆனால் கண்ணில் பட்டதை மட்டும்தான் கொல்லலாம், அதற்குச் செருப்பு போதும். வீட்டு வைத்தியத்தில் உண்மையாகவே வேலை செய்வது போரிக் பவுடர் ஒன்றுதான். கேரம் போர்டுக்குப் போடுவோமே, அதேதான். மெதுவாகக் கொல்லும். தடிமனாகக் கொட்டினால் கரப்பான் சுற்றிப்போகும். ஊதினால் பறக்கிற அளவுக்கு மெல்லிய படலமாக, ஈரம் படாத இடுக்கில் தூவ வேண்டும். ஆனால் "இயற்கை" என்ற பெயரை நம்பிக் குழந்தை இருக்கும் வீட்டில் சர்க்கரையும் மாவும் சேர்த்து உருண்டை பிடித்துத் தரையில் வைக்காதீர்கள். போரிக் அமிலம் குழந்தைக்கு நஞ்சு. கோடு போடும் சாக்கும் அப்படித்தான், அது டெல்டாமெத்ரின், சைபர்மெத்ரின் போன்ற மருந்து கலந்த சாக். பள்ளிச் சாக் போலவே இருப்பதுதான் ஆபத்து. அந்துருண்டையைச் சிங்க்கில் போடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: நாப்தலின் புகை, ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ள கைக்குழந்தைக்கு இரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். அந்தக் குறைபாடு இருப்பது பல பெற்றோருக்கு முன்கூட்டித் தெரிந்திருக்காது. பிளக்கில் செருகும் "அல்ட்ராசானிக்" கருவிக்குக் காசு கொடுக்க வேண்டாம். அமெரிக்க வணிக ஆணையம் 2001-இலேயே 60-க்கும் மேற்பட்ட தயாரிப்பாளர்களுக்கும் விற்பனையாளர்களுக்கும் ஆதாரம் எங்கே என்று கேட்டு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது.

இதைச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. உங்கள் வீட்டுக்கு வருபவர் என்ன மருந்து அடிக்கிறார் என்று நீங்கள் எழுதவில்லை. கேளுங்கள். 1968-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின்படி இந்த வேலை செய்ய உரிமம் வேண்டும். மருந்தின் பெயரைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள், தயங்கினால் வேறு ஆளைப் பாருங்கள். நெடி தூக்கலாக அடித்து உடனே பூச்சி விழுந்தால் டைக்ளோர்வாஸாக இருக்கலாம். பழைய ஆட்களுக்கு நுவான் என்றால் தெரியும். அது 2020 டிசம்பர் 31-ஓடு இந்தியாவில் தடை செய்யப்பட்டது. அரிசி மூட்டைக்குள் போடும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையைக் கையால்கூடத் தொடாதீர்கள். காற்றின் ஈரம் பட்டதும் பாஸ்பீன் என்ற நச்சு வாயு கிளம்பும், அதற்கு முறிமருந்து கிடையாது. பொதுமக்களுக்கு விற்கக் கூடாத பொருள் அது, ஆனாலும் "வண்டுக்குப் போடுங்க" என்று கடைகளில் கைமாறிக்கொண்டுதான் இருக்கிறது. 2024 நவம்பரில் குன்றத்தூரில் வீட்டுக்குள் எலிக்கு வைத்த மருந்தின் நெடியைச் சுவாசித்து இரண்டு குழந்தைகள் இறந்ததைச் செய்தியில் படித்திருப்பீர்கள். நான் இந்தத் தொழிலில் இருப்பவன், அந்த வாரம் முழுக்கத் தூக்கம் வரவில்லை.

எறும்பு பற்றிச் சுருக்கமாக. பிள்ளையார் எறும்பு என்றால் விட்டுவிடுங்கள், கடிக்காது. இளமஞ்சளாகக் கண்ணுக்கே தெரியாத அளவில் சர்க்கரை டப்பாவில் வரிசை கட்டுவது என்றால் அதன் மேல் ஸ்ப்ரே அடிக்காதீர்கள். அந்த வகையில் ஒரு கூட்டுக்குப் பல ராணிகள். தொந்தரவு செய்தால் கூடு இரண்டு மூன்றாகப் பிரிந்து வேறு அறைகளிலும் குடியேறும். வரிசை சுவரில் எங்கே நுழைகிறது என்று பார்த்து, சோப்புத் தண்ணீரால் தடத்தைத் துடைத்து, அந்த ஓட்டையை அடையுங்கள். தடத்தில் இருக்கும் வாசனையைப் பிடித்துக்கொண்டுதான் அடுத்த எறும்பு வருகிறது.

அரிசி வண்டுக்கு வேப்பிலை, காய்ந்த மிளகாய், வசம்பு போடுவது பரவலான பழக்கம். புதிதாக வரும் வண்டை அது கொஞ்சம் தடுக்கலாம். உள்ளே இருப்பதை ஒன்றும் செய்யாது. ஏனென்றால் தாய் வண்டு அரிசியைத் துளைத்து, முட்டையை உள்ளே வைத்து, துளையைப் பூசி மூடிவிடுகிறது. கடையில் வாங்கும்போதே சுத்தமாகத் தெரியும் அரிசியில் மூன்று நான்கு வாரம் கழித்து வண்டு கிளம்புவது அதனால்தான். சென்னை வீட்டில் எனக்குத் தெரிந்த நல்ல வழி, ஒரு மாதத்துக்கு மேல் தேவைப்படும் அரிசியை வாங்காமல் இருப்பது. ரவை, பருப்பு, கோதுமை மாவு போன்றவற்றை வாங்கியதும் நான்கைந்து நாள் ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் முட்டையும் செத்துவிடும். பழைய அரிசி தீருவதற்கு முன் அதே டப்பாவில் புதிய அரிசியைக் கொட்டாதீர்கள். துவரம்பருப்புக்குச் செம்மண் கட்டி வைத்த நம் பாட்டிகளின் முறை அறிவியல்படியும் சரியானது, இரண்டாவது மாடியில் செம்மண்ணுக்கு எங்கே போவது என்பதுதான் பிரச்சினை.

பக்கத்து வீடு பற்றி உறுதியாகச் சொல்ல முடியாத ஒன்று இருக்கிறது. அவர்கள் வீட்டில் பெரிய கூட்டம் இருந்து, சுவர் ஓட்டைகள் வழியே வந்துகொண்டிருந்தால் நான் சொன்ன எல்லாமே பாதி பலன்தான் தரும். அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. கடையில் கிடைக்கும் ஒட்டும் பசை அட்டை ஐந்தாறு வாங்கி, சிங்க்குக்கு அடியில், ஃபிரிட்ஜுக்குப் பின்னால், பக்கத்து வீட்டைப் பகிரும் சுவரோரம், குளியலறை வாசலில் என்று வைத்துத் தேதி எழுதுங்கள். ஜெல் வைப்பதற்கு முன் ஒரு வாரம், வைத்த பிறகு நான்காம் வாரம் ஒருமுறை. கோடு போட்ட சின்னது எத்தனை, இறக்கை முளைக்காத குஞ்சு எத்தனை, பெரியது எத்தனை என்று எண்ணுங்கள். குஞ்சு நிறைய ஒட்டியிருக்கும் அட்டைக்குப் பக்கத்தில்தான் கூடு இருக்கிறது, குஞ்சு தூரம் நடக்காது. நான்காம் வாரத்தில் மற்ற அட்டைகள் காலியாகி, பொதுச்சுவர் ஓரத்து அட்டையில் மட்டும் வளர்ந்த கரப்பான்கள் ஒட்டிக்கொண்டே இருந்தால் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்ட வேண்டியதுதான், அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டே போகலாம். எண்ணிக்கையை இங்கே எழுதுங்கள், எந்த அட்டை எங்கே இருந்தது என்பதோடு. அடுத்த சுற்று ஜெல்லை எங்கே வைப்பது என்று பார்த்துச் சொல்கிறேன்.